நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிறவர் எந்தக் கணக்கில் வருகிறார்?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இந்தியாவில் எந்த மதத்தினர் எத்தனை சதவீதம்? அந்தக் கணக்கை நம்பலாமா? எங்கள் வீட்டில் சிக்கல் முருகன் கோயிலுக்கும் போவோம், நாகூருக்கும் போவோம், ஆவணி பிறந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தும் போவோம். நாங்கள் எந்தக் கணக்கில் வருகிறோம்?”

தம்பி, கேள்வி மூன்று. முதல் கேள்விக்குப் பதில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மற்ற இரண்டுக்கும் நான் கொஞ்சம் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன் என்பதால் 1991, 2001, 2011 என மூன்று கணக்கெடுப்புகளிலும் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியிருக்கிறேன். மூன்று முறையும் டெல்டாவில்தான்.

எண்களை முதலில் முடித்துவிடுவோம். கைவசம் இருக்கும் கடைசி முழுக் கணக்கு 2011ஆம் ஆண்டினுடையது. 2021இல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. 2011இல் நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 121 கோடி. அதில் இந்துக்கள் 79.8 சதவீதம், முஸ்லிம்கள் 14.2, கிறிஸ்தவர்கள் 2.3, சீக்கியர்கள் 1.7, பௌத்தர்கள் 0.7, சமணர்கள் 0.4. இந்த ஆறுக்குள் அடங்காத பிற சமயத்தார் ஏறக்குறைய 79 லட்சம் பேர். மதத்தைச் சொல்லாதவர்கள் ஏறக்குறைய 29 லட்சம் பேர்.

தமிழ்நாட்டின் வரிசை கொஞ்சம் வேறு. இங்கே இந்துக்கள் 87.58 சதவீதம், கிறிஸ்தவர்கள் 6.12, முஸ்லிம்கள் 5.86. நாட்டளவில் மூன்றாவதாக இருப்பவர்கள் இங்கே இரண்டாவதாக வருகிறார்கள். இரு தரப்புக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 1 லட்சத்து 89 ஆயிரம் பேர். மாநிலத்தில் மதத்தைச் சொல்லாதவர்களின் தொகையும் 1,88,586. இது தற்செயல்தான். ஆனாலும் யார் முந்துகிறார்கள் என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்களுக்கு இதை நான் ஒரு முறையாவது சொல்லிக் காட்டுவது வழக்கம்.

சராசரி என்பது பாத்தி கட்டாத வயலில் தண்ணீரின் ஆழத்தைச் சொல்வதுபோல. மேட்டில் கணுக்கால் நனையாது, பள்ளத்தில் முழங்கால் வரை இருக்கும். கிறிஸ்தவர்கள் நாட்டில் 2.3 சதவீதம் என்றால், நாகாலாந்திலும் மிசோரமிலும் 87க்கு மேல். பஞ்சாபில் சீக்கியர்கள் பாதிக்கு மேல். லட்சத்தீவில் முஸ்லிம்கள் 96க்கு மேல். நாட்டிலுள்ள 84 லட்சம் பௌத்தர்களில் 65 லட்சம் பேர் மகாராஷ்டிரத்தில் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் புத்தர் காலத்துச் சரித்திரம் அல்ல. 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அம்பேத்கர் தொடங்கிவைத்த மதமாற்றம்.

நம் டெல்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று மாவட்டங்களிலும் முஸ்லிம்களின் விகிதம் மாநிலச் சராசரியைவிடக் கூடுதல். கிறிஸ்தவர்களின் விகிதம் குறைவு. வேளாங்கண்ணியை வைத்துக்கொண்டு நாகை மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் குறைவா என்று சென்னைக்காரர்கள் வியப்பார்கள். கோயிலுக்கு வருகிற கூட்டம் வேறு, ஊரில் குடியிருக்கும் கூட்டம் வேறு. கணக்கெடுப்பு குடியிருப்பவரைத்தான் எண்ணும். இன்னொன்று: 2011இல் மயிலாடுதுறை நாகை மாவட்டத்துக்குள் இருந்தது, 2020இல்தான் பிரிந்தது. இன்றைய நாகையைப் பழைய நாகையின் எண்ணோடு ஒப்பிட்டால் தப்பாகப் போகும். காரைக்கால் நிலத்தால் நம்மோடு சேர்ந்தது. கணக்கால் புதுச்சேரியோடு சேர்ந்தது.

இனி இரண்டாவது கேள்வி. நம்பலாமா என்பதற்கு முன்னால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதப்படுகிறது என்று தெரிய வேண்டும்.

2011 படிவத்தில் ஆறு மதங்களுக்கு ஆறு குறியீட்டு எண்கள் இருந்தன: இந்து 1, முஸ்லிம் 2, கிறிஸ்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, சமணர் 6. வேறு எது சொன்னாலும் பெயரை முழுதாக எழுத வேண்டும், எண் போடக் கூடாது. எங்களுக்குக் கொடுத்த அறிவுறுத்தல் தெளிவாக இருந்தது. அவர் என்ன சொல்கிறாரோ அதை எழுது; வாதம் செய்யாதே; பெயரைப் பார்த்து நீயாக முடிவுகட்டாதே; சாதியை மதம் என்று எழுதிவிடாதே; ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே மதம் என்று எண்ணாதே. அதாவது, நீ கும்பிடுகிறாயா, எங்கே கும்பிடுகிறாய், எதை நம்புகிறாய் என்பவை கேள்வியே அல்ல. ‘உன்னை நீ என்ன பெயரால் சொல்லிக்கொள்கிறாய்?’ என்பது ஒன்றுதான் கேள்வி.

2011 பிப்ரவரியில் ஒரு வீடு. சம்பா அறுவடை முடிந்து, தாளடியில் உளுந்து முளைத்திருந்த நேரம். திண்ணையில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். உள்சுவரில் சிக்கல் சிங்காரவேலர் படம். அதன் பக்கத்தில் நாகூர் தர்காவின் மனோராக்கள், அதாவது கோபுரங்கள், அச்சிட்ட நாட்காட்டி. மாடத்தில் வேளாங்கண்ணியில் வாங்கிய மாதா சிலை. அதன் கழுத்தில் காய்ந்த கதம்பம். வீட்டுக்காரப் பாட்டியிடம் மதம் என்ன என்று கேட்டேன். பாட்டி சாதிப் பெயரைச் சொன்னார். “அது இல்லை ஆயா, மதம்” என்றேன். “மதம் என்றால்?” என்றார். அறிவுறுத்தலின்படி நான் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. சும்மா இருந்தேன். பாட்டி சுவரைத் திரும்பிப் பார்த்தார். “எங்களுக்கு எல்லாச் சாமியும்தான். மகனுக்குக் காமாலை வந்தபோது நாகூரில்தான் மொட்டை போட்டோம்” என்றார். பிறகு, படித்த மருமகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: “இந்து என்று எழுதிக்கொள்ளுங்கள், சார்.” எழுதினேன். எண் 1.

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் அந்த ‘1’தான். நாகூரும் வேளாங்கண்ணியும் அந்தக் கட்டத்துக்குள் நுழைவதே இல்லை. அது பொய்யும் அல்ல. அந்தக் குடும்பம் தன்னை இந்து என்றுதான் சொல்லிக்கொள்கிறது. டெல்டாவில் பெயர் இறுக்கம், போக்குவரத்து தளர்ச்சி. நாகூர் தர்காவின் உயரமான மனோராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர்; அதற்காக அவர் மதம் மாறவில்லை, யாரும் மாறச் சொல்லவும் இல்லை. தர்காவின் கந்தூரி விழாவுக்குப் போகிற, சர்க்கரை வாங்கிப் பாத்தியா ஓதச் சொல்கிற, வெள்ளித் தகட்டில் கண்ணும் காலும் வாங்கிக் காணிக்கை போடுகிற கூட்டத்தில் பாதிக்குப் பாதி யார் என்று உங்களுக்கே தெரியும். வேளாங்கண்ணியிலும் அதே தகடு, அதே மொட்டை. 1962இல் பசிலிக்காத் தகுதி பெற்ற தேவாலயம். ஆகஸ்ட் 29இல் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை சாலை முழுவதும் காவி உடுத்தி நடக்கிறவர்கள். காவி உடுத்தி மாதாவுக்கு நடக்கிறவரின் மதத்தை அவர் உடையைப் பார்த்து எழுதச் சொன்னால் நான் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பேன்.

இதைச் சொன்னவுடன் ‘எல்லோரும் ஒன்றாக இருந்தோம், எவ்வளவு அழகு’ என்று சிலர் உருகத் தொடங்குவார்கள். அவர்களுக்காக இன்னொரு வீட்டைச் சொல்கிறேன்.

அதே பிப்ரவரி, வேறு தெரு. ஊருக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்றால் உங்களுக்குப் புரியும். வீட்டுக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். பெயரைச் சொன்னார், விவிலியப் பெயர். வாசல் நிலையில் சிலுவை. மதம் என்ன என்றேன். உடனே பதில் வரவில்லை. “இந்தத் தாள் தாசில்தார் ஆபீசுக்குப் போகுமா, சார்?” என்று கேட்டார். போகாது என்றேன். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி இதில் எழுதுவது ரகசியம். எந்த வழக்கிலும் சாட்சியமாக எடுக்க முடியாது என்றும் சொன்னேன். அவர் தன் மகளைப் பார்த்தார். பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். “இந்து என்றே எழுதுங்கள்” என்றார். எழுதினேன். வாதம் செய்யக் கூடாது என்பது அறிவுறுத்தல். செய்ய மனமும் இல்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு 1950க்குப் போக வேண்டும். அந்த ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் இந்துவாக இருக்க வேண்டும். 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களை. கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ ஆனவருக்கு அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்த ஜெபத்துக்குப் போனாலும், சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்று இருந்தால்தான் மகளுக்குக் கல்லூரியில் அந்த இடம். கணக்கெடுப்புப் படிவத்துக்கும் சான்றிதழுக்கும் தொடர்பு இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அரசாங்கத் தாள் என்றால் எல்லாத் தாளும் எங்கோ ஓரிடத்தில் போய்ச் சேரும் என்பது அவர் கணிப்பு. அந்தத் தெருவில் பிறந்திருந்தால் நானும் அப்படித்தான் கணித்திருப்பேன்.

ஆகவே, ‘கணக்கை நம்பலாமா’ என்றால் என் பதில் இதுதான். மக்கள் தங்களுக்கு இட்டுக்கொள்ளும் பெயரின் கணக்கு என்று வைத்துக்கொண்டால் நம்பலாம். நன்றாகவே எடுக்கப்பட்ட கணக்கு. பக்தியின் கணக்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். அந்தப் பெயரைச் சொல்ல வைப்பதில் மனசாட்சிக்கு ஒரு பங்கு, பழக்கத்துக்கு ஒரு பங்கு, சட்டத்துக்கு ஒரு பங்கு.

இந்தப் பெயர் எப்போது இவ்வளவு உறுதியாயிற்று என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். 1872இல் தொடங்கிய கணக்கெடுப்பு, 1881இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எடுப்பதாயிற்று. அன்றிலிருந்து மதம் கேட்கப்படுகிறது. அதிகாரிகளுக்கு அப்போதே தலைவலி. 1911 கணக்கெடுப்புக்கு முன்பு, அதன் ஆணையர் கெயிட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இந்து என்று சொல்லிக்கொள்கிறவர்களில் யார் யாருக்குக் கோயிலுக்குள் அனுமதி இல்லை, யார் பிராமணரின் மேலாண்மையை ஏற்பதில்லை, யார் மாட்டிறைச்சி உண்கிறார்கள் என்றெல்லாம் பிரித்துக் காட்டச் சொன்னது அது. பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் கேள்வியை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். தியாகராஜர் தேர் ஓடும் திருவாரூரைச் சுற்றி நடவு நட்டவர்களில் எத்தனை பேர் அன்று கோயிலுக்குள் கால் வைக்க முடிந்தது? சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் முழுமையாக வந்தது 1947இல். அதற்கு முன் ஆறேழு கணக்கெடுப்புகளில் இந்து என்ற பத்தியில் அவர்கள் எண்ணப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கோபுரத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். பத்திக்குள் மட்டும் இடம் உண்டு.

இன்றும் அந்தப் பத்தி பெரிய பத்தாயம். சைவர் என்று எழுதினாலும் வைணவர் என்று எழுதினாலும் லிங்காயத்து என்று எழுதினாலும் அட்டவணை போடும்போது இந்துவில் போய் விழும். ஆர்.சி., லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாம் கிறிஸ்தவத்தில். சன்னி, ஷியா இஸ்லாத்தில். தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு கரையிறங்கித் தொடங்கிய லுத்தரன் மரபும், நேற்று முளைத்த கூரைக் கொட்டகைச் சபையும் ஒரே எண் 3. இவர் அவரை ‘வேதக்காரரே அல்ல’ என்பார். கணினிக்கு அது தெரியாது.

எண் 6இல் இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் சமணர்கள் 2011இல் 89,265 பேர். இதில் கடைத்தெருவில் அடகுக்கடை, நகைக்கடை வைத்திருக்கும் வடக்கத்திக் குடும்பங்களும் உண்டு. தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, நயினார் என்று அழைக்கப்படும் பழைய சமணரும் உண்டு. மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் தஞ்சைக் கரந்தையிலும் தீபங்குடியிலும் ஜினாலயங்கள் இருக்கின்றன. தீபங்குடிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். டெல்டாவில் இன்னும் இவர்கள் இருக்கிறார்களா என்று நீங்களே கேட்பீர்கள். பௌத்தரின் எண் 5 இங்கே ஏறக்குறைய காலி. நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னரின் பெயரில் சூடாமணி விகாரம் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரே பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் நிலக்கொடையாக, விடப்பட்டது. அந்த ஊர் இருக்கிறது, கீழ்வேளூர்ப் பக்கம். விகாரத்தின் கடைசிக் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். மண்ணைத் தோண்டினால் வெண்கலப் புத்தர் கிடைப்பார். படிவத்தில் கிடைக்க மாட்டார்.

எண் இல்லாதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த 79 லட்சம் பேரில் சர்னா என்ற தங்கள் சமயப் பெயரைக் கையால் எழுதச் சொன்ன பழங்குடியினர் மட்டும் ஏறக்குறைய 50 லட்சம். சமணர்களைவிட அதிகம். தங்களுக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்று 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றம் தீர்மானமே போட்டது. நம் பக்கத்துக் காத்தவராயனும் வீரனும் காளியும் அப்படித் தனிப்பெயர் கேட்டதில்லை.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், ராஜகிரி போன்ற ஊர்களின் எண்ணைப் பார்க்கும்போது வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ராவுத்தர் வீடோ மரைக்காயர் வீடோ, கதவைத் தட்டினால் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். ஆண்கள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வெளிநாட்டில் இருப்பவரை நாங்கள் எழுதக் கூடாது. நான்கு பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகச் சொன்ன ஓர் அம்மா, “அவர்களை எழுத முடியாதம்மா” என்றதும், “வீடு அவர்கள் பணத்தில் கட்டியது, தம்பி” என்றார். நான் என்ன செய்ய?

‘அவர்கள் பெருகுகிறார்கள், நாம் குறைகிறோம்’ என்ற பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது. அதையும் தொட்டுவிட்டுப் போகிறேன். நாட்டில் இந்துக்களின் பங்கு 1951இல் 84.1 சதவீதம், 2011இல் 79.8. முஸ்லிம்களின் பங்கு அதே காலத்தில் 9.8இலிருந்து 14.2. கிறிஸ்தவர்கள் 2.3இலேயே நிற்கிறார்கள். இதை மட்டும் காட்டிவிட்டு நிறுத்துகிறவர்களிடம் அடுத்த எண்ணையும் கேளுங்கள். முஸ்லிம் மக்கள்தொகையின் பத்தாண்டு வளர்ச்சி 1991–2001இல் 29.5 சதவீதம், அடுத்த பத்தாண்டில் 24.6. தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1992–93இல் 4.4, 2019–21இல் 2.36. இந்துப் பெண்ணுக்கு 3.3இலிருந்து 1.94. இரண்டும் இறங்குகின்றன; அதிகம் இருந்தது அதிகம் இறங்குகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில் மதத்தைவிடப் பெண்ணின் படிப்பும் ஊரும் முக்கியம். தமிழ்நாட்டின் சராசரி 1.8. பீகாரில் இருக்கும் இந்துப் பெண்ணின் வீட்டில் கூத்தாநல்லூர் வீட்டைவிடப் பிள்ளைகள் அதிகம் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

‘மதம் இல்லை’ என்று எழுதலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். எழுதலாம். எண் கிடையாது, அட்டவணையில் ‘மதம் தெரிவிக்காதோர்’ வரிசையில் போய்ச் சேரும். பெரியார் ஓயாமல் சுற்றிய தமிழ்நாட்டில் அந்த வரிசை 0.26 சதவீதம், நாட்டுச் சராசரி 0.24. அவ்வளவுதான் வித்தியாசம். கறுப்புச்சட்டை போட்ட பெரியவர் ஒருவர் 2001இல் என்னிடம், “மதம் இல்லை என்று எழுதுங்கள், எழுதியதைக் காட்டுங்கள்” என்றார். காட்டினேன். அவர் மனைவியைக் கேட்டேன். “எனக்கு இந்து” என்றார் அந்த அம்மா, கணவரைப் பார்க்காமலே. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் திருமணம் புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம். அது சட்டப்படி செல்லும் என்று 1967இல் அண்ணா ஆட்சியில் திருத்தம் வந்தது. திருத்தப்பட்டது இந்துத் திருமணச் சட்டம். மணமக்கள் இருவரும் இந்துவாக இருந்தால்தான் அந்தப் பிரிவே பொருந்தும். மதம் வேண்டாம் என்று மாலை மாற்றிக்கொண்டவர்களையும் சட்டம் அந்தப் பத்தாயத்துக்குள்தான் வைத்திருக்கிறது.

பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் இரண்டையும் எழுதாமல் விடலாம் என்று தமிழக அரசு 1973லேயே ஆணை போட்டிருக்கிறது. பல தலைமையாசிரியர்களுக்கே இது தெரியாது. வற்புறுத்திக் கேட்க வேண்டியிருக்கும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த முறை எல்லோருடைய சாதியும் கேட்கப்படும்; கைப்பேசியில் தாங்களே நிரப்பும் வசதியும் உண்டு. உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பதில் இருந்தால் ஆளுக்கு ஒன்றாகவே பதிவு செய்யுங்கள். நீங்களே நிரப்பாமல், வருகிறவரிடம் சொல்லி எழுதச் செய்வதாக இருந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். குடும்பத் தலைவரின் மதத்தைக் கேட்டுக்கொண்டு, மற்றவர்களுக்கும் அதையே கீழே வரை இழுத்துவிடுவது எங்கள் தொழிலில் உள்ள பழைய சோம்பல். மாலை ஆறு மணிக்கு, கொசு கடிக்கும் நேரத்தில், நாற்பதாவது வீட்டில் நானும் இழுத்திருக்கிறேன்.